ஐப்பசி மாதத்து வெயில்

சூரியனைப் படைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பெருமை எங்கள் சுகாதார ஆபீசையே சேரும். 1937-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் இது நடந்தது. நான் அங்கே குமாஸ்தா. ஆகவே சரித்திரம் முழுக்க என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அந்த மாதம் மலைமேல் திண்ணனூர் நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூரில் வாந்திபேதி கண்டது. ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும். காய்ச்ச விறகு வேண்டும். விறகு காட்டில் கிடக்கிறது. காடோ 'ரிசர்வ்'. சுள்ளி பொறுக்கினால் கேஸ். அவரவர் கொல்லையில் கிடைப்பது கூழ் காய்ச்சத்தான் காணும். ஓர் இலாகா போய் இன்னோர் இலாகாவிடம் விறகு கேட்பது கௌரவமாகுமா? எங்கள் அதிகாரி அர்த்தநாரி இரண்டு நாள் யோசித்தார். கண்ணாடிப் புட்டியில் தெளிந்த தண்ணீரை ஊற்றி நாள் முழுக்க வெயிலில் வைத்தால் கிருமி சாகும் என்று ஒரு பத்திரிகையில் போட்டிருந்தது. பொய்யில்லை. வெயிலில் வைத்தால் சாகும்.

நாற்பது புட்டிகள் தலைச்சுமையாக மலை ஏறின. அர்த்தநாரி பாறைமேல் நின்று பிரசங்கம் செய்தார். மூடுபனியில் அவருடைய இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

பாவாயி என்ற பெண் முன்னால் வந்தாள். அவள் புருஷன் காளியண்ணன் காலையிலிருந்து படுத்த படுக்கை. மகள் மாதம்மாளுக்கு ஐந்து வயது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வந்துவிடக் கூடாதே என்பதுதான் பாவாயியின் பயம்.

"ஏனுங்க, வெய்யில் எங்கீங்க?" என்றாள்.

"வரும். நீ புட்டியை வை" என்றார் அர்த்தநாரி.

"பதினஞ்சு நாளாச் சாமையே காயலீங்க. அடுப்புக்கு மேல பரண்ல போட்டுத்தான் காய வெக்கறோம்."

"சாமை வேற, சயின்ஸ் வேறம்மா."

"வெறகுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தீங்கன்னா, புள்ளைக்குத் தண்ணி காய்ச்சிக் குடுத்துருவனுங்க."

"அது காட்டு இலாகா சமாசாரம்."

மறுநாள் 'ஆய்வு'. முப்பத்தொன்பது புட்டிகள் பாறைமேல் மழையில் நனைந்துகொண்டிருந்தன. ஒன்று மட்டும் பாவாயி வீட்டுப் பரணில் சாமைக் கதிருக்கு நடுவே கரி பிடித்துக் கிடந்தது. "விதிமீறல்" என்றார் அர்த்தநாரி. குறித்துக்கொண்டேன். உடனே ஒரு கூட்டம் போட்டோம். வெயில் வராத நாட்களை வெயில் வந்த நாட்களாகவே பாவிக்கலாம் என்று அர்த்தநாரி தீர்மானம் கொண்டுவந்தார். நான் ஆமோதித்தேன். கூட்டத்தில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான். ஏகமனதாக நிறைவேறியது.

அதற்கு மறுநாள் காளியண்ணன் இறந்தான்.

எங்கள் ஆபீசின் சுறுசுறுப்பை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும். அந்த ஊரில் புதைப்பதுதான் வழக்கம். வாந்திபேதிப் பிணத்தை எரித்தே தீரவேண்டும் என்பது விதி. காட்டு இலாகாவுக்கு நானே கடிதம் எழுதினேன். அரை நாளில் அனுமதிச் சீட்டு வந்தது. பத்துத் தலைச்சுமை விறகு, டிப்போவிலிருந்து, நன்றாகக் காய்ந்த கட்டைகளாக.

பாவாயி அழவில்லை. விறகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க சாமி, இத்தனை வேண்டாமுங்க. அவரு மெலிஞ்ச ஆளுங்க. ரண்டு சுமை நிறுத்திக்கட்டுங்களா? புள்ளைக்குத் தண்ணி காய்ச்சோணுங்க."

அர்த்தநாரி என்னைப் பார்த்தார். அவர் மனம் சற்று இளகியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். நான் சீட்டைப் பார்த்தேன்.

"தகனத்துக்கு மட்டும்னு இருக்குங்க, சார்" என்றேன்.

சொன்னது நான்தான்.

"அப்ப இது செத்தவங்களுக்குத்தானுங்களா?" என்றாள் பாவாயி.

"ஆமாம்மா. உசுரோட இருக்கிறவங்களுக்குத்தான் புட்டி குடுத்திருக்கோமே" என்றார் அர்த்தநாரி.

சர்க்கார் காரியம் என்றாலே தாமதம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். அடுத்த மூன்றாம் நாள் மாதம்மாளுக்கும் விறகு அனுமதியாயிற்று. சின்ன உடம்புதான். ஆனாலும் பத்துச் சுமையில் நாங்கள் ஒரு கட்டைகூடக் குறைக்கவில்லை.