டிராலி பாயின் தங்கச் சுரங்கம்

திருச்சி ஜில்லாவிலேயே ஒரு பெண்மணியின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்ததும் கல் எண்ண ஆரம்பிக்கும் ஒரே மனிதர் எங்கள் டிராலி பாய்தான்.

"அஞ்சு பவுனா? பத்து டிராலி" என்பார். டிராலி என்பது சுரங்கத்துக்குள் கல் ஏற்றித் தள்ளிப்போகும் இரும்பு வண்டி. ஒரு பவுனுக்கு இரண்டு டிராலி கல் உடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாயாரிடம் போய், "உங்க கழுத்துல மட்டும் எண்பது டிராலி இருக்கும்மா, எப்படித்தான் தாங்குறீங்களோ!" என்று அனுதாபப்பட்டுவிட்டார். அந்த அம்மாள் கொஞ்சம் கனத்த சரீரம். பந்தியில் எங்கள் இருவருக்கும் பாயசம் வரவே இல்லை.

பாலக்கரையில் எங்கள் காம்பவுண்டில் ஆறு குடித்தனங்கள். எனக்கு எதிர் போர்ஷனில் பாயும் அவர் மனைவியும். ஆந்திர எல்லையில் எப்போதோ மூடிவிட்ட ஒரு சின்னத் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறிவிட்டு, காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்கு எடை போட வந்தவர். அப்படித்தான் அவர் சொல்வார். காம்பவுண்டில் ஒருவரும் நம்பியதில்லை. தங்கம் தோண்டியவர் விரலில் ஒரு மோதிரம்கூட இல்லையே! கேலி செய்வதில் முதல் ஆள் நான்தான்.

"பாய், வரும்போது ஒரு கட்டியாவது மடியில கட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"கட்டியா? உள்ள தங்கத்த எவன் சார் பாத்தான்? கறுப்புப் பாறைக்கு நடுவுல வெள்ளைக் கல்லு ஒண்ணு, சேலைக் கரை மாதிரி நீளமா ஓடும். அதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத தூளா இருக்கும். நாங்க வெடி வெச்சு உடைச்சு மேல அனுப்பிடுவோம். மில்லுல மாவா அரைச்சு, மருந்துல கரைச்சு எடுப்பாங்க. அந்த மில்லு வாசல்ல எங்கள விடவே மாட்டாங்க. முப்பது வருஷத்துல ஒரு பொட்டுத் தங்கத்த நான் பாத்ததில்ல சார்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா என்று நான் சிரிப்பேன்.

ஒருமுறை என் மனைவிக்குத் தோடு வாங்க அவரையும் நகைக்கடைக்கு அழைத்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். விற்பனையாளர், "சுத்தமான தங்கம் சார்" என்றதுதான் தாமதம். "பூமியில சுத்தத் தங்கம்னு ஒண்ணு கிடையாது தம்பி. வெள்ளி கலந்துதான் வரும். ரெண்டும் ஒட்டிப் பொறந்தது" என்றார் பாய், சுரங்கத்துக்குள் பேசிப் பழகிய உரத்த குரலில். அவர் சொன்னது பாறையைப் பற்றி. கடையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது கலப்படம். மானேஜரே வந்து எங்களை மிகுந்த மரியாதையுடன் வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

ஸ்ரீரங்கத்தில் என் ஆபீஸ் நண்பர் ஐயங்கார் ஒருவர். அவரைப் பார்க்கப் போனபோது பாய் காவிரிப் படித்துறையில் இறங்கி, மணலை இரண்டு கையாலும் அள்ளி அலச ஆரம்பித்தார். "பேரு பொன்னி. பொட்டுத் தங்கம் இல்லியே!"

"தங்கமெல்லாம் பெருமாள் விமானத்துல இருக்கு. ஆத்துல தேடறீரே ஓய்!" என்றார் ஐயங்கார்.

பாய் நிமிர்ந்து, கோயில் இருந்த திசையையே பார்த்தபடி நின்றார். "எத்தன ஆளு உள்ள எறங்கியிருப்பான்!" என்றார். அன்று அவர் டிராலி எண்ணவில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை வந்தது. அவர் மனைவி குழாயடியில் முகம் கழுவுமுன் மூக்குத்தியைக் கழற்றியிருக்கிறார். திருகாணி கையில் நின்றது. மூக்குத்தி சாக்கடையில் விழுந்தது. அந்த வீட்டிலிருந்த மொத்தத் தங்கமே அதுதான். அதுவும் அந்த அம்மாளின் தாயார், மௌத்தாவதற்கு முன்னால், கடைசிப் படுக்கையில், தன் மூக்கிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

அந்த அம்மாள் அழவில்லை. "முப்பது வருஷம் பூமிக்கு அடியில தோண்டினேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, இதத் தோண்டி எடுங்க பாப்போம்" என்றார். ஆறு குடித்தனமும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

பாய் லுங்கியை மடித்துக் கட்டினார். இரண்டு பக்கமும் மணல் மூட்டை போட்டுத் தண்ணீரை மறித்தார். சுரங்கத்து லிஃப்ட் மணிக்குப் பதிலாக என் கையில் ஒரு டம்ளரையும் கரண்டியையும் கொடுத்து, "ஒரு தட்டுன்னா நிறுத்து, ரெண்டுன்னா எறக்கு, மூணுன்னா ஆள் ஏறுறான். மறந்துடாதீங்க, உசுரு சமாச்சாரம்" என்றார். சாக்கடையின் ஆழம் இரண்டு அடி.

அடுத்து, கல்யாண வீடுகளில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அகலமான சஹன் தட்டைக் கேட்டார். "பிரியாணி வெக்கிற தட்டுங்க அது!" என்று அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் அதில் ஒரு வாளிச் சேற்றைக் கொட்டினார், தண்ணீர் விட்டார், சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினார். லேசான மண் ஓரமாக வழிந்தது. கனமானதெல்லாம் அடியில் தங்கியது. இரண்டு சோடா மூடி, ஒரு ஹேர்பின், நான் போன வருஷம் தொலைத்த பீரோ சாவி. வாளி வாளியாகப் போய்க்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. எங்கள் கிண்டலும் ஒவ்வொன்றாக நின்றுபோனது.

பதினோராவது வாளியில் அவர் கை நின்றது. தட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடி அப்படியே நின்றார். கறுப்பு மண்ணுக்கு நடுவே மஞ்சளாக ஒரு துளி.

"கெடச்சிருச்சுல்ல? குடுங்க" என்றார் அந்த அம்மாள்.

"இரு புள்ள. மண்ணுல தங்கம் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று தானும் தட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. உடம்பெல்லாம் சாக்கடைச் சேறாக இருக்கிறாரே என்று தயங்கி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். கட்டிக்கொண்டிருக்கலாம்.