படகு நிற்பதற்கு முன்

மும்பையில் வளர்ந்தவர்களுக்கு நின்ற வண்டியிலிருந்து இறங்கத் தெரியாது. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொல்வதில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தாராவியில் வீடு, சர்ச்கேட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொலாபா பக்கம் ஒரு சங்கத்தில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். (தாராவிப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காத ஆளே எங்கள் சந்தில் இல்லை. இலவசம் என்று தெரிந்ததும் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டார்கள்.) எட்டு ஞாயிறு கரையோரமாகவே சுற்றிய பிறகு, கடலுக்கு அக்கரையில் இருக்கும் மாண்ட்வா வரை போய்த் திரும்பும் ஒருநாள் பயணம். அதில் வரும் ஆறு பேரில் இரண்டு பேரை மட்டும் பொறுக்கியெடுத்து, பத்து நாள் கோவா பயணத்துக்குக் கூட்டிப்போவார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அதற்கு முன் எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

அப்பா கைப்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சையும் அளவெடுத்து வெட்டித்தான் வைப்பார்.

"ஏட்டி, தேறிட்டேன்னா கோவாவுக்குப் போ, நான் தடுக்கல. தேறலேன்னா இந்தப் படகுப் பேச்ச நம்ம வீட்டுல எடுக்கப்பிடாது. சரியா?"

"சரிப்பா," என்றேன். தேறாமல் போவதற்கு வழியே இல்லை என்று நினைத்தேன்.

நினைத்ததற்குக் காரணம் மற்ற ஐந்து பேர். நாலு பேர் ஆண்டாப் ஹில் பையன்கள், ஒரே கல்லூரி. கயிற்றைப் பிடி என்றால் போனைப் பிடித்தார்கள். ஐந்தாவது, மாட்டுங்கா வெங்கட். துறைமுகம் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்து, மாண்ட்வா வரை எடுத்து, திரும்பும்போதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். "நேக்கு ஒண்ணுமில்ல, நீ ஓட்டு," என்று நடுநடுவே எனக்கு அனுமதி வேறு கொடுத்தான். இவர்களோடு ஒரு நாள் முழுக்கப் படகில் இருந்ததற்கே எனக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

எங்கள் பயிற்சியாளர் சாவந்த் சார், கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் குரல் இறங்கும். திரும்பி வரும்போது சுக்கானை என் கையில் கொடுத்தார். படகைக் கரை சேர்ப்பதுதான் பரீட்சை. காற்றுக்கு எதிரே மூக்கைத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, படகுத்துறையை ஒட்டிக் கொண்டுவந்து, கயிறு கட்டும்வரை சுக்கானைப் பிடித்திருக்க வேண்டும். சுக்கான் பிடித்தவர் கடைசியில்தான் இறங்க வேண்டும். இந்த விதியை எட்டு ஞாயிறும் சொல்லியிருந்தார்.

படகுத்துறையில் அப்பா, அம்மா, தம்பி முருகன் மூவரும் நின்றிருந்தார்கள். ஐம்பது அடி இருக்கும்போது ஆண்டாப் ஹில் பையன்கள் எழுந்தார்கள். பையை முதுகிலிருந்து மார்புக்கு மாற்றினார்கள். ஒருவன், "கிஸ் சைட் ஆயேகா?" என்று கேட்டான். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று லோக்கல் ரயிலில் கேட்கிற அதே கேள்வி. இடது பக்கம் என்று தெரிந்ததும் நாலு பேரும் அந்தப் பக்கம் முண்டினார்கள். படகு சாய்ந்தது, தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது.

"உக்காருங்கலே," என்று கத்தினேன். "இது என்ன விரார் ஃபாஸ்ட் லோக்கலா?"

உட்கார்ந்தார்கள். சாவந்த் சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். கோவா என் மடியில் வந்து விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

படகுத்துறை மூன்றடி தூரத்தில் வந்தது. படகு நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. தினமும் மாஹிம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்கு முன் நான் இறங்குகிற வேகம். கை சுக்கானை விட்டது. கால் விளிம்பில் ஏறியது. குதித்து, படகு போகும் திசையிலேயே நாலு எட்டு ஓடி, அழகாக நின்று, குர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"சபாஷ்ட்டி," என்றார் அப்பா. (அவரும் முப்பது வருஷ லோக்கல் பிரயாணி. தப்பு எதுவும் கண்ணில் படவில்லை.)

முருகன்தான் சொன்னான். "அக்கா, படகு போவுது."

திரும்பிப் பார்த்தேன். நான் உதைத்த உதையில் மூக்கு திரும்பி, பாயில் காற்று நிறைந்து, படகு என் பரீட்சையையும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்க்கொண்டிருந்தது. சாவந்த் சார் சுக்கானை நோக்கித் தவழ்ந்தார். அதற்குள் அது அங்கே நின்றிருந்த ஒரு மீன்படகில் போய் இடித்தது. அதிலிருந்தவர் மராத்தியில் விளக்கமாகத் திட்டினார். படகு திரும்பிவர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடமும் நான் என் குடும்பத்தோடு நின்றேன்.

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?" என்றாள் அம்மா.

சாவந்த் சார் கடைசியாக இறங்கினார். குரல் மிகவும் இறங்கியிருந்தது. "கேப்டன், உங்க ஸ்டேஷன் வந்துடுச்சு. எங்க ஸ்டேஷன் வரலையே," என்று இந்தியில் சொன்னார்.

கோவாவுக்கு வெங்கட் போனான். கூடவே பையன்களில் ஒருவன். எனக்குப் பொறுக்கவில்லை. சாரிடம் நேராகவே கேட்டேன், வெங்கட்டை ஏன் என்று.

"வாந்தி எடுக்கும்போதுகூட அவன் கயிற்றை விடலையே," என்றார்.

தாராவிக்குப் பஸ்ஸில் போகும்போது அழுதேன். யார்மேலும் கோபப்பட வழி இல்லாததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

படகுப் பேச்சை எடுக்கக்கூடாது என்ற ஒப்பந்தம் என்னை மட்டும்தான் கட்டுப்படுத்தியது. மற்றவர்கள் எடுத்தார்கள். மோர் வருவதற்கு முன் நான் பந்தியிலிருந்து எழுந்தால் எடுத்தார்கள். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைச் சுற்றி உட்காரவைத்து, முருகன் நடித்தே காட்டினான்.

போன மாதம், வேறு வேலை தேடிக்கொள்ளாமலே, இருந்த வேலையை விட்டேன். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நின்ன பெறவு இறங்குனியா, ஓடும்போதேவா?"

"ஓடும்போதேதான்ப்பா."

"சரி, போவுது. உள்ள யாரையும் விட்டுட்டு வரலியே?"

சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் எனக்குக் கீழே ஆறு பேர் இருந்தார்கள்.