உப்புச்சப்பில்லாத அருள்வாக்கு

மார்ச் 4, செவ்வாய். மின்வாரிய ஒயர்மேன் செய்த தவறு சிறியதுதான். "நாளைக்கு மத்தியானம் நம்ம தெருவுல கரண்ட் இருக்காது. காலைலயே துணியை இஸ்திரி பண்ணிடு" என்று மனைவியிடம் சொன்னார். அவள் அதைத் தன் தம்பியிடம் சொன்னாள்.

தம்பியிடம் அப்போதுதான் கடவுள் நேரில் பேசத் தொடங்கியிருந்தார். உப்பு பாவம் என்பது முதல் செய்தி. நம்பாதவர்களுக்காக ஓர் அடையாளத்தையும் தம்பி அறிவித்தார்: "நாளைக்கு நடுப்பகல்ல எல்லா வீட்லயும் விசிறி நிக்கும்!"

நின்றது. தெருவே வாயைப் பிளந்தது.

மாலையில் ஒயர்மேனின் தட்டில் உப்பில்லாத முட்டை.

"அடியே, கம்பத்துல ஏறி அணைச்சதே நான்தான்!"

"உங்க கையால அவர் அணைச்சிருக்காரு."

"சரி, அவரே அணைச்சாருன்னு வை. கரண்ட் போனதுக்கும் உப்புக்கும் என்னடி சம்பந்தம்?"

"விசிறியையே நிறுத்தினவருக்கு உப்பைப் பத்தித் தெரியாதா?"

ஒயர்மேன் தட்டைத் தள்ளி வைத்தார்.

அடுத்து எப்போது கரண்ட் போகும் என்று அக்காவிடம் மெல்ல விசாரித்துக்கொண்டு, அடுத்த அடையாளம் வெள்ளிக்கிழமை என்றார் மைத்துனர். ஒயர்மேன் தன் மேலாளரான போர்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி அன்றைய வேலையைத் தள்ளிப்போட வைத்தார். வெள்ளியன்று விசிறிகள் ஜோராகச் சுற்றின. இனி மைத்துனர் முகத்தில் ஈயாடாது என்று எட்டிப் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் வேண்டினீங்க. அவர் மனசு இரங்கிட்டாரு!" என்று மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் இரட்டித்தது.

கரண்ட் போனாலும் அற்புதம், போகாவிட்டாலும் அற்புதம். இந்த ஆளை எப்படித்தான் தோற்கடிப்பது? ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஒயர்மேன் மைக்கைப் பிடுங்கினார்.

"அன்னைக்கு நிறுத்தினது நான்தான்! வெள்ளிக்கிழமை நிறுத்தாம விட்டதும் நான்தான்! எல்லாமே நான்தான்!"

முன்வரிசை மண்டியிட்டது.

"அவரே வந்துட்டாரு!"

"ஐயோ, நான் வெறும் ஒயர்மேன்!"

"என்ன ஒரு அடக்கம் பாரு!"

நிலைமையைப் புரிந்துகொண்ட மைத்துனரும் மண்டியிட்டார். ஒயர்மேன் யோசித்தார். விளக்கிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. நாக்கோ செத்துப்போயிருந்தது.

"சரி. எல்லாரும் உப்பு போட்டுக்கங்க" என்றார்.

வீட்டில் மனைவி பயபக்தியோடு உப்புப் போட்ட முட்டையை முன்னே வைத்தாள். வாசல் கொள்ளாத கூட்டம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை முண்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் போர்மேன்.

"யோவ், புதன்கிழமை நீ அணைச்சது கடைத்தெரு லைன்யா! கடைக்காரங்க எல்லாம் என்னைப் பிடிச்சுத் திட்டுறாங்க."

"அப்ப எங்க தெருவுல யாரு அணைச்சது?"

"ஒரு அணில். டிரான்ஸ்பார்மர்ல பாஞ்சு கருகிக் கிடந்துச்சு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒயர்மேன் அவசரமாக முட்டையை எடுக்கப் போனார். மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க, சாப்பிட்டுடாதீங்க. அணில் உப்பு தின்னுமா தின்னாதான்னு நாளைக்குக் காலைல முதல் வேலையாப் பாக்கணும்."