பத்து விரலில் பள்ளிக்கூடம்

வைகாசி பிறந்ததிலிருந்து பாபநாசத்தில் வயலில் நின்ற கூட்டத்தைவிட ‘டாக்டர்’ சாரங்கபாணியின் மாடிப்படியில் நின்ற கூட்டம் அதிகம். டாக்டர் பட்டத்தை யார் கொடுத்தார்கள்? பேனர் அடித்தவர் கொடுத்தார்.

பிள்ளையின் பத்து விரலையும் அவருடைய கருவியில் வைத்தால் போதுமாம். மூளையின் எந்தப் பக்கம் விழித்திருக்கிறது, எந்தப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளை கலெக்டர் ஆகும் என்று இருபது பக்க அறிக்கை அச்சாகி வந்துவிடும்.

பஞ்சநதமும் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நிறைமதிக்கு ஆறு வயது. உர மூட்டையில் இருப்பதை எழுத்துக்கூட்டாமல் படிப்பாள். ஆறு மா நிலத்துக்கு எத்தனை கட்டு நாற்று என்று கேட்டால், நடவு ஆள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

அறிக்கை வந்தது: வலது மூளை மேதை. காவிரித் தண்ணீர் ஒத்துவராது. மலைப்பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கவும். எந்த விடுதி என்ற நோட்டீசையும் சாரங்கபாணியே கொடுத்தார். என்ன தாராள மனசு!

பிள்ளை இன்னும் தாய் குந்தவையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது.

“ஆறு வயசுப் புள்ளைய எப்படிங்க தனியா விடறது?”

“மெஷினே சொல்லுது. நீ அதைவிடப் படிச்சவளா?”

குந்தவை ரேஷன் கடையில் பில் போடுகிறவள். மெஷின் எப்போது பேசும், எப்போது பேசாது என்பது அவளுக்கு அத்துப்படி. மறுநாள் பஞ்சநதம் விடுதி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப் போனபோது, அவளும் நடவு வேலை செய்யும் காத்தாயியோடு அந்த மாடிப்படி ஏறினாள்.

முப்பது வருடம் சேற்றில் நாற்று நட்ட கை அது. ரேகை தேய்ந்தே போயிற்று. ரேஷன் கடையில் காத்தாயி விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் மெஷின் எடுக்காது. பின்னால் வரிசை முனகும். கடைசியில் செல்போனுக்கு வரும் நம்பரைச் சொல்லித்தான் அரிசி வாங்குவாள்.

சாரங்கபாணியின் கருவியோ தொட்டதுமே ‘பீப்’ என்றது. பத்து விரலும் பாஸ்! வலது மூளை மேதை. காவிரித் தண்ணீர் ஒத்துவராது. அதே விடுதி.

“அடி ஆத்தி! அம்பத்தெட்டு வயசுல என்னை ஹாஸ்டல்ல சேக்கப் போறியா தங்கச்சி?” என்றாள் காத்தாயி. மாடிப்படி முழுக்கச் சிரிப்பு.

“அக்கா கையில ரேகையே இல்ல சார். ரேஷன் வரிசையில நின்ன எல்லாருக்கும் தெரியும்” என்றாள் குந்தவை.

“அது சர்க்கார் மெஷின், மட்டம். இது தோலுக்கு அடியில உள்ளதையும் எடுக்கும்” என்றார் சாரங்கபாணி.

வரிசையில் நின்ற மளிகைக்கடை லியாகத் அலி தன் பையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்துக் கருவியில் வைத்தார். முதலாளியின் சங்கடம் கருவிக்குப் புரியுமா? ‘பீப்’ என்றது. அச்சடிக்கவும் தொடங்கியது. தலைமைப் பண்பு, தொண்ணூற்றிரண்டு சதவீதம்!

அதற்குள் டாக்டர் பின்படியில் இறங்கிவிட்டார்.

பஞ்சநதம் விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அப்ப புள்ளைய எங்கதான் சேக்குறது?”

“இதுவரைக்கும் அவ விரலத்தான் பாத்தீங்க. அவகிட்ட யாராச்சும் ஒரு கேள்வி கேட்டீங்களா?” என்றாள் குந்தவை.

நிறைமதியிடம் கேள்வி கேட்டவர் உள்ளூர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஹமீதா பானு. அரை மணி நேரம் படிக்கச் சொன்னார், கணக்குப் போடச் சொன்னார், நடுவில் விளையாடவும் விட்டார். “ஒண்ணாப்புலயே சேத்துக்கலாம். கணக்குக்கும் தமிழுக்கும் மட்டும் மூணாப்புக்கு அனுப்புறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துடட்டும்” என்றார். குந்தவைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாடி காலியாகிவிட்டது. ஆனால் கூட்டம் கலையவில்லை. கும்பகோணத்தில் ஒருவர் காது மடலைப் பார்த்தே பள்ளிக்கூடம் சொல்கிறாராம். பாதிப் பேர் பஸ் ஏறியாகிவிட்டது. போகிறவர்கள் போங்கள் ஐயா! இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று சும்மா கிடக்கிறதே, அதையும் ஒரு நாளாவது வேலைக்கு அனுப்புங்கள்.