என் சொந்த வயலில் நான் வழி தவறியது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி நுவாலா ஃபீனி அவர்களுக்கு, டெரினகூல் பள்ளியின் முன்னாள் தலைமையாசிரியர் ஃபெஸ்டஸ் கிரீலி பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் கோழிகளும் நலமென நம்புகிறேன். என் நலம் பற்றி உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

நம் தேவாலயப் பங்கின் ஆண்டு மலருக்கு நான் அனுப்பிய கட்டுரையைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மிதித்தவனுக்குச் சொந்த வயலிலேயே திசை மறக்கச் செய்யும் புல் எங்கும் இல்லை, போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய உள்வெளியாக மாட்டினால் வழி தெரியும் என்பதும் கட்டுக்கதை என்று அதில் எழுதியிருந்தேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஊர்க்கூடத்திலும் இதையே பேசினேன். தன்னை அந்தப் புல் மூன்று மணி நேரம் என் வயலில் சுற்றவைத்ததாகப் பக்கத்து வீட்டு மலாக்கி டோலன் எழுந்து சொன்னபோது, "எத்தனை கிளாஸ் விஸ்கிக்குப் பிறகு?" என்று கேட்டுவிட்டேன். கூடமே சிரித்தது. அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை இறந்துபோனார்.

அவர் மனைவி யூனா, சவப்பெட்டியைத் தூக்கும் ஆறு பேரில் ஒருவனாக என்னை வரச் சொல்லி அனுப்பினார். மலாக்கியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான். வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன், மூடுபனி, இருந்தாலும் வயல் இரண்டே ஏக்கர், எங்கள் பொதுச்சுவரில் உள்ள இடைவெளி முள்மரத்திலிருந்து நாற்பத்திரண்டு காலடி என்று அந்தக் காலத்திலேயே அளந்து வைத்தவன் நான், எண்ணிக்கொண்டே போனால் இடைவெளி இல்லை, தப்பாக எண்ணினேனோ என்று திரும்பினால் மரத்தைக் காணோம், சுவரைத் தடவிக்கொண்டே போனேன், மாட்டுத்தொட்டி வந்தது, அதற்கு அப்பால் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியுமே, திரும்பினேன், மறுபடி அதே தொட்டிக்கு வந்தேன், மாடு ரெண்டு தடவையும் என்னையே பார்த்துச்சு, கோயில் மணி வேற அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, என்ன செய்யறதுன்னு தெரியாம கோட்டைக் கழற்றி உள்வெளியாப் போட்டேன். தொட்டியைத் தாண்டிப் பத்தே அடியில் ஒரு இரும்புக் கதவு. அந்த இடத்தில் கதவே கிடையாது, அம்மணி.

நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, என் இடத்தில் வேறொருவர் நிற்க, பெட்டி ஆறு தோள்களில் ஏறியிருந்தது. குழி வெட்டும் பேக்கி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாஸ்டர், கோட்டு உள்வெளியா இருக்கே. மலாக்கி இதைப் பார்க்காமப் போயிட்டானே."

கல்லறைத் தோட்டமே சிரித்தது.

கட்டுரை இருந்த இடத்தில் ஒரே வரி போடுங்கள்: மலாக்கி டோலன் சொன்னது சரி.

தங்களுக்கு வழி தெரியும் நாட்களையே இறைவன் அருளட்டும்.

இங்ஙனம்,
ஃபெஸ்டஸ் கிரீலி

பி.கு.: உறையை ஒட்டும் முன் யூனா கேக்கோடு வந்தார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பழைய இடைவெளியைக் கல் வைத்து அடைத்துக் கதவு போட்டவர் மலாக்கிதானாம். "'மாஸ்டருக்கு முழங்கால் போச்சு, சேத்துல இறங்க வேணாம். காஞ்ச தரையில கதவு இருந்தா அவரே வருவாரு'ன்னாரு. தினம் சன்னல்லயே உட்கார்ந்திருந்தாரு." நான்தான் பதினொரு வருடமாக அந்தச் சுவர்ப் பக்கமே போகவில்லை. ஆகவே புல் ஒன்றும் இல்லை. மலாக்கி சொன்னது தவறு, என் கட்டுரைதான் சரி. இருந்தாலும் அந்த ஒரு வரியையே போடுங்கள்.