மறுக்க முடியாத குறட்டை

"குறட்டை விடுவீங்களா சார்?" என்று சிஸ்டர் கேட்டபோது, லிஃப்ட்காரர் நகராத சைக்கிள் ஒன்றை மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சுவரோரப் பெஞ்சில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்த அவர் மனைவி முந்திக்கொண்டாள்.

"விடுவார் சிஸ்டர். ஜன்னல் கண்ணாடி அதிரும்."

லிஃப்ட்காரரின் கால்கள் நின்றுவிட்டன. எதிரே இருந்த திரையில் நாடித் துடிப்பு மட்டும் ஏறியது.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். இதயத்தில் ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சொன்னபடி ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். மற்றவர்களின் இயந்திரங்களில் குறை கண்டுபிடித்தே காலம் தள்ளியவர். தன் உடம்பில் குறை என்று யாராவது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். நெஞ்சு வலித்த அன்றுகூட வெறும் வாயு என்று சாதித்து, ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே அந்தக் கட்சியில்தான் இருந்தார்.

"எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்? நான் வந்தது நெஞ்சுக்கு."

"நெஞ்சுக்காகத்தான் சார் கேக்கறேன். இங்க வர்ற எல்லாரையும் கேப்போம். சிலருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். அவங்களுக்கே தெரியாது. ராத்திரி முழுக்க இதயத்துக்கு ஓய்வு இருக்காது. குறட்டை அதுக்கு ஒரு அறிகுறி."

"சத்தம் போடற லிஃப்டைப் பத்தி நான் கவலையே படமாட்டேன் சிஸ்டர். அது ஓடிக்கிட்டுதான் இருக்கும். சத்தமே இல்லைன்னாத்தான் டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு ஓடுவேன்."

"அப்ப குறட்டை விடறது உண்மைதானே?"

லிஃப்ட்காரர் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். மனைவி பச்சைப் பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். தூக்கத்தில் அவர் குறட்டை விட்டதாக அவருக்குத் தெரிந்து சரித்திரமே கிடையாது. விட்டதெல்லாம் முழித்துக்கொண்டு விட்டது.

கல்யாணமான புதிதில் ஒரு நாள், விளக்கை அணைத்த கையோடு மனைவி, "என் தம்பியைக் கொஞ்ச நாள் நம்ம வீட்ல வெச்சுக்கலாமா?" என்று ஆரம்பித்தாள். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. சரி என்று சொல்ல மனம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையிலிருந்து தானாக ஒரு கரகரப்பு கிளம்பியது. மனைவி அதற்கு மேல் பதிலை எதிர்பார்க்கவில்லை. தன்பாட்டுக்கு இருட்டைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டார் அந்த வித்தையை. பாத்ரூம் கதவு சரியாகச் சாத்த வரவில்லை என்று அவள் சொன்னால் லேசான குறட்டை. சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்றால் நடுத்தரம். தம்பி பேச்சு வந்தால் ஜன்னல் அதிரும். மகள் பிறந்து, படித்து, வேலைக்கென்று வெளியூரும் போய்விட்டாள். பாத்ரூம் கதவு இன்னும் சாத்த வரவில்லை.

இதில் ஒரே ஒரு குறட்டைக்காக மட்டும் அவர் வெட்கப்பட்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, விளக்கை அணைத்ததும் மனைவி, "நீங்க போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தார். வாயைத் திறந்தால் தானும் அழுதுவிடுவோம் என்று பயந்து, பழக்க தோஷத்தில் குறட்டை விட்டார். தையல் போட்ட நெஞ்சு வலிக்க வலிக்க விட்டார். அது பொய்க் குறட்டை என்று அவளுக்குத் தெரிந்தால் அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பது?

ஆக, குறட்டை இல்லை என்று சொன்னால் குட்டு உடையும். உண்டு என்று சொன்னால் டெஸ்ட். லிஃப்ட்காரர் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"முன்னாடி விட்டேன் சிஸ்டர். ஆபரேஷனோட அது போயிடுச்சு."

"எங்க போச்சு?" என்றாள் மனைவி. "நேத்துகூடப் பாத்ரூம் கதவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தேன். பாதியில ஆரம்பிச்சிட்டார்."

சிஸ்டரின் புருவம் உயர்ந்தது. "பேசிக்கிட்டிருக்கும்போதே தூங்கிடறாரா? அப்படித் தூக்கம் அசத்துதுன்னா அதையும் கவனிக்கணும்மா."

"இவளை முதல்ல கவனிங்க சிஸ்டர்" என்று லிஃப்ட்காரர் பேச்சை மாற்றினார். "தூக்கத்துல உதைக்கிறா. ஆபரேஷன் ஆன மனுஷன்னுகூடப் பார்க்காம விலாவுலயே உதைக்கிறா."

"தூக்கத்துல நடக்கறதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று மனைவி ஒரு கொட்டாவி விட்டாள்.

சிஸ்டர் ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள்.

ஒரு வாரம் போதும் என்று நினைத்தார் லிஃப்ட்காரர். குறட்டையை அடியோடு நிறுத்திவிட்டால், அது நின்றுவிட்டது என்று மனைவியே வந்து சொல்லப் போகிறாள். சுலபமான வேலை.

ஆனால் குறட்டை இல்லாத மனிதன் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

"பாத்ரூம் கதவுக்கு ஆள் வரச் சொல்லட்டுமா?" என்றாள் மனைவி. குறட்டை தொண்டை வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "ம்" என்றார்.

அடுத்த நாள் பெயின்ட். அதற்கும் "ம்". அதற்கடுத்த நாள், "தம்பி ஒரு மாசம் வந்து இருக்கட்டுமா? உங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றாள். லிஃப்ட்காரர் போர்வையைக் கடித்துக்கொண்டார். வேறு சத்தம் எதுவும் செய்ய வழியில்லாமல், "ம்" என்றார்.

வார முடிவில் பாத்ரூமில் தச்சர், கூடத்தில் பெயின்ட் டப்பாக்கள், வாசலில் இரண்டு பெட்டிகளுடன் மச்சினன். ஒரு மாசத்துக்கு எதற்கு இரண்டு பெட்டி என்று கேட்க நினைத்தவர், கேட்கவில்லை.

மறுபடி பயிற்சிக் கூடம். லிஃப்ட்காரர் கம்பீரமாக சைக்கிளில் ஏறினார்.

"சொல்லு, குறட்டை என்னாச்சு?" என்று மனைவிக்கு எடுத்துக் கொடுத்தார்.

"சுத்தமா நின்னு போச்சு சிஸ்டர்."

"கேட்டீங்களா சிஸ்டர்?"

"ஆனா எனக்குப் பயமா இருக்கு. படுத்தும் ரொம்ப நேரம் முழிச்சிருக்கார். எதைக் கேட்டாலும் சரிங்கறார். என் தம்பியை வரச் சொல்லவான்னு கேட்டேன், அதுக்கும் சரின்னுட்டார். இவர் இப்படி இருந்ததே இல்லை."

சிஸ்டர் சைக்கிளை நிறுத்தச் சொன்னாள். "தூக்கம் குறைஞ்சிருக்கு. குணமும் மாறியிருக்கு. டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும்."

"குணமெல்லாம் மாறலை சிஸ்டர்" என்றார் லிஃப்ட்காரர் அவசரமாக.

"அப்ப மனசாரத்தான் சரின்னீங்களா மாமா?" என்றான் துணைக்கு வந்திருந்த மச்சினன் நெகிழ்ந்து போய். அதற்கும் அவர் தலையாட்ட வேண்டியதாயிற்று.

இனி இழக்க ஒன்றுமில்லை என்று அன்றே பழைய தொழிலுக்குத் திரும்பினார். அடக்கி வைத்திருந்த ஒரு வாரக் குறட்டையையும் சேர்த்து விட்டார். மனைவி பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்பது அவருக்கே கேட்கவில்லை.

கூடத்தில் படுத்திருந்த மச்சினனுக்குக் குறட்டை கேட்டது. போனில் அதைப் பதிவு செய்து, விடிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினான். பல் தேய்ப்பதற்குள் ஒன்றுவிட்ட சித்தப்பா அழைத்து, உயில் எழுதியாச்சா என்று விசாரித்தார். மகள் வெளியூரிலிருந்து, "அப்பா, அது குறட்டையா, லிஃப்ட் சிக்கிக்கிச்சா? ஒழுங்கா டெஸ்ட் எடுத்துக்கோங்க. இல்லைன்னா நான் லீவு போட்டுட்டு வந்துடுவேன்" என்றாள்.

பயிற்சிக் கூடத்தில் சிஸ்டர் மச்சினனின் போனைக் காதில் வைத்து அந்தப் பதிவை முழுக்கக் கேட்டாள்.

"இவ்வளவு ஒழுங்கான குறட்டையை நான் கேட்டதே இல்லை சார். ஏத்த இறக்கம் எல்லாம் அளந்து வெச்ச மாதிரி இருக்கு."

லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையில் அவர் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பையில் டெஸ்ட் கருவியைப் போட்டு மனைவியின் கையில் கொடுத்துவிட்டாள் சிஸ்டர். மார்பைச் சுற்றி ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், மூக்குக்குக் கீழே ஒரு குழாய். சத்தத்தைப் பிடிக்கப் பொத்தான் அளவில் ஒரு மைக்கும் இருந்தது. ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கினால் போதும்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். படுத்ததும் வழக்கம்போல குறட்டை விடுவது. மைக் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு நிம்மதியாகத் தூங்கிவிடுவது. குறட்டை உண்டு, ஆனால் மூச்சில் ஒரு கோளாறும் இல்லை என்று மெஷினே சொல்லிவிடும். நோயும் இல்லை, குட்டும் உடையாது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தன்னையே கடிந்துகொண்டார்.

அன்றைக்குப் பார்த்து மனைவி எதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. பெல்ட்டைச் சரிசெய்துவிட்டு, குழாய் மூக்கைக் குத்துகிறதா என்று கேட்டுவிட்டு, விளக்கை அணைத்தாள். தப்பிக்க ஒரு விஷயமும் இல்லாமல் சும்மா குறட்டை விடுவது அவருக்கு அதுவே முதல் தடவை. என்னவோ போல இருந்தது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். வழக்கம்போல உதையும் வாங்கினார்.

இரண்டு நாள் கழித்து சிஸ்டர் அவரைத் தனியாகத் தன் மேஜைக்கு அழைத்தாள். மனைவி பெஞ்சில் சாய்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வந்திருக்கு சார். குறட்டை நிறைய இருக்கு."

"சொன்னேன்ல."

"ஆனா அது எல்லாமே நீங்க முழிச்சிருந்தப்போ விட்டது. நாடியையும் அசைவையும் வெச்சு எப்ப தூங்கினீங்கன்னு இது காட்டும். தூங்கினதுக்கு அப்புறம் ஒரு சத்தமும் இல்லை."

லிஃப்ட்காரரின் காது மடல் சூடேறியது. ஆனாலும் கட்சியை விடவில்லை. "சத்தம் இல்லைன்னா நல்லதுதானே சிஸ்டர்?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, சத்தமே இல்லைன்னாத்தான் பையைத் தூக்கிக்கிட்டு ஓடணும்னு." சிஸ்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இந்தக் கோடுதான் உங்க மூச்சு. இங்க பாருங்க, கோடு படுத்துடுது. இங்கயும். ராத்திரி பூரா இப்படித்தான். இதய நோய் இருக்கறவங்கள்ல சிலருக்குக் குறட்டையே இல்லாம மூச்சு நிக்கறது உண்டு."

லிஃப்ட்காரர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பல அடுக்கு மாடிகளில், இரண்டு தளத்துக்கு நடுவே நின்றுபோன எத்தனையோ லிஃப்டுகளை அவர் பார்த்திருக்கிறார். உள்ளே மாட்டிக்கொண்டது ஒருநாளும் அவராக இருந்ததில்லை. முதல் தடவையாக அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"இதுக்கு வைத்தியம் இருக்கா?"

"இருக்கு. டாக்டர் பார்த்து எது சரிப்படும்னு சொல்வார். நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது." சிஸ்டர் கோட்டின் மேல் விரலை நகர்த்தினாள். "ஒண்ணு கவனிச்சீங்களா? மூச்சு நீளமா நிக்கற இடத்துலெல்லாம் உடம்பு தூக்கிப் போட்ட மாதிரி ஒரு அசைவு இருக்கு. உடனே மூச்சு திரும்ப வந்திருக்கு. யாரோ பிடிச்சு உலுக்கின மாதிரி."

"அது இவ உதைக்கறது சிஸ்டர். சொன்னேனே, தூக்கத்துல உதைப்பா." சொல்லிக்கொண்டே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். மனைவியின் கண்ணைச் சுற்றிக் கருவளையம் போட்டிருந்தது. இத்தனை நாள் அதை அவர் பார்க்கவே இல்லை. அவளை எழுப்பி ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மூச்சு நிக்குதுன்னு சொல்லிக்கோங்க. என்ன வைத்தியம் வேணும்னாலும் பண்ணுங்க, நான் மறுக்கலை. அந்தக் குறட்டை முழிச்சுக்கிட்டு விட்டதுன்னு மட்டும் இவகிட்ட சொல்லிடாதீங்க. அவ தாங்கமாட்டா."

சிஸ்டர் பெஞ்சைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அது பொய்க் குறட்டைன்னு முதல் நாளே சொன்னது அவங்கதான் சார், 'மூச்சு நிக்குதுன்னு சொன்னா இல்லவே இல்லைன்னு சாதிப்பார், குறட்டை விடுவீங்களான்னு கேளுங்க, மறுக்க முடியாம டெஸ்ட்டுக்கு வந்துடுவார்'னு."