நாலு கிளாவர்

"நாலு கிளாவர்" என்று கேட்டார் கைலாசநாதன்.

முதலில் ஒரு இஸ்பேட் கேட்டிருந்த, எதிரே உட்கார்ந்திருந்த அவருடைய கூட்டாளி சிதம்பரதாணு தன் சீட்டைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், பிறகு நிம்மதியாக "பாஸ்" என்றார்.

கைலாசநாதன் தன் சீட்டை இன்னொரு தடவை பார்த்தார். அவர் கையில் கிளாவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் மூன்று.

பிரிட்ஜ் ஆட்டத்தில் ஏலம் நடக்கும்போது இத்தனை, இந்த இனம் என்று கேட்பதைத் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது. முகத்தைச் சுளிக்கக்கூடாது. இருமல் வந்தால்கூட யோசித்துத்தான் இருமவேண்டும். ஆகவே அவர் வாயை மூடிக்கொண்டு, கிளாவரைத் துருப்பாக வைத்து, ஆறோடு நாலு சேர்த்துப் பத்துப் பிடி எடுக்கத் தயாரானார். ஆட்ட முறைப்படி சிதம்பரதாணு தன் சீட்டை மேசையில் விரித்தார். அதில் கிளாவர் இரண்டு. மிச்சம் பத்தும் எதிராளிகளிடம்.

"கிளாவருதானே சார் துருப்பு?" என்று எதிராளி ததேயுஸ் மெதுவாகக் கேட்டார். துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய கடற்கரைக்காரர். மிகவும் மரியாதையான மனிதர். அந்த மரியாதையைத்தான் கைலாசநாதனால் தாங்க முடியவில்லை.

ஏழு பிடி குறைந்தது.

"என்னவே பாஸுன்னுட்டீரு? அது ஸ்பிளின்டராக்கும்!" என்று பொங்கினார் கைலாசநாதன்.

"கிளாவர்னு கேட்டா கையில கிளாவர் இருக்கும்னு நினைச்சேன். கடையில இல்லாத சரக்குக்கு எவனாவது போர்டு வைப்பானாவே?"

நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஸ்பிளின்டர் என்பதே அதுதான். கூட்டாளி இஸ்பேட் கேட்டிருக்கும்போது நீங்கள் ஒரே தாவலாகத் தாவி வேறோர் இனத்தைக் கேட்டால், 'உங்கள் இஸ்பேட் எனக்கும் நிறைய இருக்கிறது, நான் கேட்ட இந்த இனத்தில் மட்டும் ஒன்றோ பூஜ்யமோதான்' என்று பொருள். இதைக் கூட்டாளிகள் இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பேசி வைத்ததை ஞாபகமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

கைலாசநாதன் கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்பது அவர் கட்சி. கல்யாண வீடுகளில் பந்தலுக்குப் பின்னால் இருபத்தெட்டுச் சீட்டு ஆடுகிறவர்களை அவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. சிதம்பரதாணு மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். ஆரல்வாய்மொழிக் காற்றில் கம்பி அறுந்து விழுந்தபோதெல்லாம் கட்டிக் கட்டி, எதையும் அந்த நேரத்துக்கு ஒப்பேற்றிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட இருவர் நாகர்கோவிலில் ஒரே கிளப்பில் கூட்டாளிகளானது விதி. கூட்டாளிகள் சம்பந்திகளும் ஆனது அதைவிடப் பெரிய விதி. கைலாசநாதனின் மகள் ரஷ்மிக்கும் சிதம்பரதாணுவின் மகன் அனீஷுக்கும் 2009 ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. எத்தனையோ ஜாதகம் பார்த்துச் சலித்த பிறகு, பொருந்தி வந்தது இது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் கைலாசநாதன் சமாதானத்துக்குக் கிளம்பினார். ஒரு கையில் முந்திரிக்கொத்து. இன்னொரு கையில், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் ரஷ்மி இணையத்திலிருந்து அச்செடுத்துக் கொடுத்திருந்த ஸ்பிளின்டர் பக்கங்கள்.

"பத்திரிகை அடிச்சு வந்து கெட்டு கெட்டாக் கெடக்கு. ஒருத்தருக்கும் குடுத்தபாடில்லை. தவசுப்பிள்ளை சமையலுக்கு எத்தனை எலைன்னு கேட்டு ரெண்டு தடவை வந்துட்டான். நீங்க காகிதத்தத் தூக்கிட்டுப் போறிய" என்றார் மனைவி உலகம்மாள்.

"கல்யாணத்துக்காவத்தான் போறேன்" என்றார் அவர்.

சம்பந்தி வீட்டில் முந்திரிக்கொத்து தீருமுன்பே சமாதானமாகிவிட்டது. சிதம்பரதாணு பக்கங்களை எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"சரிவே. இனிமே தாவிக் கேட்டா ஸ்பிளின்டர்தான். முடிஞ்சுதா?"

முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கைலாசநாதன் ஒரு இஸ்பேட் கேட்டார். சிதம்பரதாணு உற்சாகமாக "நாலு டைமன்" என்று தாவினார். டைமனில் கூட்டாளிக்கு ஒன்றுதான், இஸ்பேட் நிறைய என்று கணக்குப் போட்ட கைலாசநாதன், ஆறு இஸ்பேட் வரை ஏறினார். சம்பந்தி சீட்டை விரித்தார். முத்து முத்தாக ஆறு டைமன்.

"பழக்க தோஷம்வே" என்றார் சிதம்பரதாணு.

கைலாசநாதன் அங்கே நிறுத்தியிருக்கலாம். முப்பது வருஷ வாத்தியார் உத்தியோகம் நிறுத்தவிடவில்லை.

"நீரு எங்கிட்டப் படிச்சிருந்தா வருஷா வருஷம் ஒரே வகுப்புல உக்காத்தி வச்சிருப்பேன்."

டீ கொண்டுவந்த சூசை டீயோடு அப்படியே நின்றுவிட்டான். சிதம்பரதாணு எழுந்தார்.

"பொண்ணெடுக்க வந்தவங்கிட்டப் பேசுத பேச்சாவே இது?" என்று கேட்டுவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

இருவருக்கும் சண்டை புதிதல்ல. சனிக்கிழமை சண்டை போடுவார்கள், தான் சொன்னதே சரி என்று நிரூபிப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வந்து உட்காருவார்கள். ஆனால் பெண் என்ற பேச்சு இதுவரை வந்ததில்லை. கைலாசநாதனுக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது.  ஒரு கிளாவர் மூன்றுக்காகப் பெற்ற பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைத்தவன் இந்த நாஞ்சில்நாட்டிலேயே தான் ஒருவன்தான் என்று தோன்றியது.

போதாததற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் ஆண்டுப் போட்டி. இருவர் பெயரையும் கொடுத்தாகிவிட்டது. வாபஸ் வாங்கினால் சம்பந்திச் சண்டை ஊருக்கே தெரிந்துவிடும்.

உலகம்மாள் போனில் சம்பந்தியம்மாள் பகவதியிடம் பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து தினமும் நடக்கும் பேச்சுதான். பட்டு, பந்தல், பூ என்று அது பாட்டுக்குப் போகும். போனை வைத்ததும் கைலாசநாதன் மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

உலகம்மாள் கன்னத்தில் கைவைத்தார்.

"இது என்ன வெப்ராளம்! இன்னா பாருங்க, நம்ம பொண்ணு வீட்டுக்காரங்க. நீங்க விட்டுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை சம்பந்தி சொல்லுத வழிக்கே ஆடிட்டுப் போங்க."

"சரி, அவருகிட்டச் சொல்லிருதேன்."

"சொல்லாண்டாம்! விட்டுக் குடுத்தேன்னு வாயால சொன்னா அவ்வளுக்குக் கொறச்சலா இருக்கும். ஆடிக் காட்டுங்க, போரும்."

கூட்டாளியிடம் சொல்லாமல் வழக்கத்தை மாற்றுவது பிரிட்ஜில் மகாபாவம். ஆனால் மகள் முன்னால் பிரிட்ஜ் என்ன பெரிது? ஸ்பிளின்டரைத் தலை முழுகினார் கைலாசநாதன். இனி கிளாவர் கேட்டால் கை நிறைய கிளாவர். அவ்வளவுதான்.

போட்டியில் கடைசி ஆட்டம் வரை தாவுவதற்குத் தோதான சீட்டு யாருக்கும் வரவில்லை. இருவரும் நல்லபடியாகவே ஆடியிருந்தார்கள். கடைசி மேசையில் மறுபடியும் ததேயுஸும் அவருடைய மச்சினன் ஆன்ட்ரூஸும். சீட்டைப் பிரித்துப் பார்த்தார் கைலாசநாதன். ஏழு கிளாவர் வரிசையாக நின்றது. இஸ்பேட் ஒன்றே ஒன்று.

"ஒரு இஸ்பேட்" என்றார் சிதம்பரதாணு.

மனதுக்குள் ரஷ்மியை நினைத்துக்கொண்டு, "நாலு கிளாவர்" என்றார் கைலாசநாதன்.

சிதம்பரதாணுவின் முகம் மலர்ந்தது. புரிந்துகொண்டேன் என்று சொல்வதுபோல் லேசாகத் தலையை வேறு ஆட்டினார். கைலாசநாதனுக்குக் கண் கலங்கியது. விட்டுக் கொடுப்பதில்தான் எவ்வளவு சுகம்!

"ஆறு இஸ்பேட்" என்றார் சிதம்பரதாணு.

என் கிளாவரை நம்பி ஆறுவரை போகிறார் என்றால் இவரிடம் இஸ்பேட் ஒன்பதாவது இருக்கும் என்று எண்ணி, கைலாசநாதன் பெருமையோடு சீட்டை விரித்தார். சிதம்பரதாணு அந்த ஏழு கிளாவரையும் பார்த்தார். ஒற்றை இஸ்பேடைப் பார்த்தார். அதன் அடியில் ஒட்டிக்கொண்டு இன்னும் மூன்று இருக்குமோ என்று விரலால் தள்ளியும் பார்த்தார்.

ஐந்து பிடி குறைந்தது.

"கிளாவர் கேட்டா ஒண்ணுதான் இருக்கும்னு சொன்னது நீருதானேவே?" சிதம்பரதாணு அந்த ஒற்றை இஸ்பேடைத் தூக்கிக் காட்டினார். "உமக்காவ விட்டுக் குடுத்து, ராத்திரி பகலாட்டு அந்தக் காகிதத்த மனப்பாடம் பண்ணினேனேவே!"

"நான் உமக்காவ விட்டுக் குடுத்து உம்ம வழிக்கு ஆடினேனேவே!"

"எங்கிட்டச் சொன்னீரா?"

"நீரு எங்கிட்டச் சொன்னீரா?"

ததேயுஸ் பரிசுக் கோப்பைப் பக்கம் பார்த்தார். ஆன்ட்ரூஸ் சுவர்ப் பக்கம் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை.

"இனி உம்மகூட சீட்டத் தொட்டா எம்பேரு சிதம்பரதாணு இல்லை" என்று சொல்லி வெளியே போனார் சம்பந்தி.

மறுநாள் சாயங்காலம் கைலாசநாதன் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சிதம்பரதாணு இறங்கினார். பின்னால் பகவதி, துணி மூடிய தாம்பாளத்தோடு. நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று கைலாசநாதனுக்கு உறுதியாகிவிட்டது.  கும்பிட்ட கை கும்பிட்டபடியே நின்றது.

பகவதி தாம்பாளத்தை உலகம்மாளிடம் கொடுத்துவிட்டு அவரோடு உள்ளே போனார். சிதம்பரதாணு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ஓய், ராத்திரி கண்ணடைக்கல்லை. இந்தச் சவத்தால பிள்ளைகளுக்கக் கல்யாணம் நின்னிரப் பிடாது. காலம்பற கிளப்புல போயி எம்பேர வெட்டிட்டு வந்துட்டேன்."

தாம்பாளத்தில் வந்தது பலகாரம்தான் என்று புரிந்து, கைலாசநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நானும் காலம்பறயே போன்ல சொல்லி வெட்டிட்டேன்வே" என்றார். "தப்பு ரெண்டு பேருக்கும்தானே."

"ரெண்டு பேருக்கும்தான்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை வருஷக் கூட்டில் இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். சந்தோஷம் தாங்காமல், சம்பந்திக்குக் காப்பி போடச் சொல்வதற்காகக் கைலாசநாதன் அடுக்களைப் பக்கம் போனார். வாசற்படியில் கால் வைக்குமுன் பகவதியின் தணிந்த குரல் கேட்டது.

"நாந்தான் சரின்னு நிக்கது வரைக்கும் ரெண்டு பேரும் சீட்ட விடமாட்டாவ, ரெண்டு பேரையும் சொல்லாம விட்டுக் குடுக்க வச்சாப் போரும்னு நீங்க சொன்னது அப்பிடியே நடந்துட்டு மைனி, நாளைக்கே ஒருத்தரைப் பத்திரிகை குடுக்கவும் ஒருத்தரைத் தவசுப்பிள்ளைகிட்டயும் அனுப்பிருவோம்."